எள்ளலின் எல்லை: பாரி மகளிர் பெயரை முன்வைத்து

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கின்றது. உரையாசிரியர் பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. நகைச்சுவைக்கு எல்லை உண்டா என்னும் வினாவிற்கு இப்பகுப்பு இன்றும் உதவும்.

2007இல் வெளிவந்த ‘சிவாஜி’ திரைப்படத்தில் இரண்டும் உள. ரஜினிகாந்த் ஏற்ற நாயகனின் கருநிறம் கேலிக்குள்ளாகிறது. அவனோ நிறம் வெளுக்க முயன்று அக்கேலியில் தானும் கலந்துகொள்கிறான். ஒரு பாடல் முழுதும் வெள்ளைத் தோலுடன் ஆடுகிறான். அதே படத்தில் முகத்தில் கருமை பூசிய இரு பெண்கள் மணத்திற்கு முன்னிறுத்தப்பட்டு நகைப்பிற்கு ஆளாகின்றனர். மறுமொழி கூற அவர்களுக்கு இடமில்லை. பெயர்கள் அங்கவை, சங்கவை. தந்தையாக நடித்தவர் பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா என்பதைத் தமிழாசிரியர் பலர் இன்னும் மறக்கவில்லை.

அப்பெயர்கள் பிற்கால மரபு தந்தவை. புறநானூற்றின் 112ஆம் பாடல் ‘பாரி மகளிர்’ பாடியது என்றே குறிக்கப்படும் ஐந்தடிப் பாடல். தந்தையை இழந்த அவர்களைக் கபிலர் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று, மணந்துகொள்ளுமாறு வேண்டிய செய்தி 200 முதல் 202 வரையிலான பாடல்களில் உள்ளது. ஏற்பார் இலராயினர். அத்துயரமே திரையில் நகையாயிற்று.

காம்பாரில் அப்பாடலை நடத்துகையில், பெயர்களைக் கூறியதும் வகுப்பில் சிரிப்பெழுந்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிநாள்களில் தம்மை அப்பெயரிட்டே அழைத்தனர் எனப் பின்னர்க் கூறினார். தணிக்கை இதற்கு மருந்தன்று. படத்தை நீக்கினும் பட்டப்பெயர் நீங்காது. இப்போதெல்லாம் பாடலை முதலில் படிக்கச் செய்கிறேன். பெயர்களை இறுதியிலேயே கூறுகிறேன்.