தெரிவுப்பட்டியலும் அதன் பெறுமானங்களும்: இணையப் படிவங்கள் பற்றிய ஒரு நோக்கு

குடிமக்கள் அரசுடன் கொள்ளும் தொடர்புகளுட் பெரும்பகுதி படிவங்களின் வழியே நிகழ்கின்றது. தாளில் அச்சிட்ட படிவத்தில், தரப்பட்ட விடைகள் எவையும் பொருந்தாவிடத்து ஓரத்திலேனும் ஒரு வரி எழுதலாம். இணையப் படிவத்தில் அவ்வோரம் இல்லை. கீழ்நோக்கி விரியும் தெரிவுப்பட்டியலில் உள்ளவற்றுள் ஒன்றையே நாம் தெரிதல் வேண்டும். எம்மைப்பற்றி எதைக் கூறலாம், எதைக் கூறவியலாது என்பதை அப்பட்டியலே வரையறுத்துவிடுகின்றது. எனவே அதன் அமைப்பு தொழினுட்ப வல்லுநர்க்கு மாத்திரம் உரிய விடயமன்று.

முதற்கண் தொழினுட்ப அடிப்படையை நோக்குவோம். இணையப் பக்கங்களின் மொழியாகிய எச்.டி.எம்.எல். இல், பட்டியலின் ஒவ்வொரு தெரிவும் இரு கூறுகளை உடையது. ஒன்று, திரையில் தோன்றும் பெயர். மற்றையது, பண்பாக எழுதப்பட்டுச் சேவையகத்துக்கு அனுப்பப்படும் பெறுமானம். யாழ்ப்பாணம் என்பதை நாம் தெரிவுசெய்ய, 41 என்னும் குறி அனுப்பப்படலாம். சர்வதேச நியமத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தின் எண் 41. கொழும்பின் எண் 11. பெறுமானம் எழுதப்படாவிடின் திரையிலுள்ள பெயரே அனுப்பப்படும். அவ்வாறாயின் தமிழ், சிங்கள, ஆங்கிலப் படிவங்கள் மூன்று வெவ்வேறு சொற்களை அனுப்ப, கணினி ஒரே மாவட்டத்தை மூன்றாகக் கொள்ளும். குறி ஒன்றாகவும் பெயர் மூன்றாகவும் இருக்கும்போதே மும்மொழிச் சேவை தடையின்றி நடைபெறும்.

இவ்வாறு பெற்ற தரவுகளைச் சேமிக்கவும் பரிமாறவும் பயன்படும் மொழிகளுள் ஒன்று, 1998இல் நியமமாக வெளியிடப்பட்ட எக்ஸ்.எம்.எல். ஆகும். இதில் கூறுகளுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம்: ‘மாவட்டம்’ என்ற கூறுக்குக் குறி="41" என்ற பண்பினை எழுதுவது முற்றிலும் செல்லும். ஒரு பண்பு ஏற்கக்கூடிய பெறுமானங்களை விதி ஆவணத்தில் எண்ணிக் காட்டவும் முடியும். அவற்றிற்குப் புறம்பான பெறுமானம் பிழையாகக் கொள்ளப்படும். ஆனால் ஒரே கூறில் ஒரே பண்பு இருமுறை வருதலாகாது. இரு மொழிகளையும் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த ஒருவருக்கு ‘தாய்மொழி’ என்ற ஒற்றைப் பண்பு போதாது. அவ்விடத்தில் உட்கூறுகளை அமைத்து, படிவத்திலும் பல தெரிவுகளுக்கு இடமளித்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்கக் குடிசனமதிப்பீட்டில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிப்பிட 2000ஆம் ஆண்டிலேயே முதன்முதலாக அனுமதி கிடைத்தது என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

இனி, மௌனமே விடையாகிவிடும் நிலையை அவதானிப்போம். ஒரு வரி மாத்திரம் தோன்றும் பட்டியலில், வேறு ஏற்பாடு செய்யப்படாவிடின் முதற்றெரிவு தானாகவே தெரிவுசெய்யப்பட்டிருக்கும். அதைத் தொடாது விட்டவரும் அவ்விடையை அளித்தவராகவே பதியப்படுவர். எக்ஸ்.எம்.எல். விதி ஆவணமும் எழுதாத பண்புக்கு இயல்புநிலைப் பெறுமானம் ஒன்றை வழங்கவல்லது. பட்டியலின் தலையில் வெற்றுப் பெறுமானமுடைய ‘தெரிவுசெய்க’ என்ற வரியை இட்டு, விடையைக் கட்டாயமாக்குவது இதற்குப் பரிகாரமாகும். ‘தெரியாது’, ‘கூற விரும்பவில்லை’ என்பன வெவ்வேறு விடைகள்; அவற்றுக்கு வெவ்வேறு குறிகள் வேண்டும். திரையிலுள்ள பட்டியலைக் கடந்தும் பெறுமானங்களை அனுப்ப முடியுமாதலால், சேவையகத்திலும் அவற்றைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

பட்டியல்கள் வரலாற்றுக்கு அப்பாற்பட்டவையுமல்ல. கம்பகா மாவட்டம் 1978இல் கொழும்பிலிருந்தும், கிளிநொச்சி மாவட்டம் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிரிக்கப்பட்டன. 1970இல் பரந்தனிற் பிறந்தவரின் பிறப்புப் பதிவு யாழ்ப்பாண மாவட்டத்துக்குரியது. இன்றைய பட்டியலின்படி அவரது ஊர் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டும் உண்மையே. ஆயினும் இரு பதிவுகளை இயந்திரரீதியாக ஒப்பிடும் முறைமை அவரை இரு வேறு மனிதராகக் கருதக்கூடும். தம் காணிக்கோ இழப்பீட்டுக்கோ உரிமை கோருபவருக்கு இது சிறு தவறன்று. ஒவ்வொரு குறிக்கும் அது செல்லுபடியாகும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு ஆகியவற்றையும் பண்புகளாகச் சேர்த்தல் வேண்டும். கைவிடப்பட்ட குறிக்குப் புதுப்பொருள் கொடுத்தல் ஒருபோதும் தகாது.

பெயர் மாற்றத்திலும் இதே அவதானம் தேவை. இலங்கைக் குடிசனமதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தனித்தனியே கணக்கிடும் வழக்கம் 1911இல் தொடங்கியது. பின்னைய பிரிவிற் சேர்க்கப்பட்ட பலர் தம்மை மலையகத் தமிழர் என அழைப்பதையே விரும்புகின்றனர். குறியை மாற்றாது பெயரை மாத்திரம் மாற்றுவது கணினிக்கு எளிது. ஆனால் பழைய பெயரை ஏற்க மறுத்தவர் புதிய பெயரை ஏற்கக்கூடும். அப்போது எண்ணிக்கையே மாறும். ஆகவே எந்த ஆண்டில் எந்தப் பெயரின்கீழ் விடை பெறப்பட்டது என்பதும் தரவுடன் பேணப்படல் வேண்டும்.

‘வேறு’ என்ற கடைசி வரியைச் சேர்ப்பதால் மாத்திரம் இப்பிரச்சினை தீராது. அவ்வரியில் மக்கள் எழுதுவனவற்றைத் தொகுத்து, பட்டியலைக் காலத்துக்குக் காலம் திருத்துதல் வேண்டும். அத்திருத்தத்தில், எண்ணுவோரின் வசதிக்கு மேலாக எண்ணப்படுவோரின் குரலுக்கு இடமளிக்கப்படல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.