செமினியில் மெக்கானிக்கல் படிக்கப் போறீங்களா? 'ஐ.ஆர்.' ஆவதற்கு முன்கூட்டியே பார்க்க வேண்டியது என்ன?

எஸ்பிஎம் முடிஞ்சாச்சு. கணிதமும் இயற்பியலும் நல்லா வருது. அடுத்தது மெக்கானிக்கல்தான்னு மனசுல முடிவும் பண்ணிட்டீங்க. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருக்கும் உங்கள் பட்டியலில் செமினியும் கட்டாயம் இருக்கும்.

காஜாங்கைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர் அது. நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் அங்கேதான், ஜாலான் புரோகாவில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் 2000-இல் மலேசியாவுக்கு வந்தது. 2005-இல் செமினிக்கு இடம் மாறியது. இங்கே வளாகம் திறந்த முதல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் அதுதான்.

எங்கே படிப்பது என்பதோடு, எந்தப் பட்டத்துக்குப் படிப்பது என்பதையும் சேர்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

மெக்கானிக்கல் என்றால் கார் பட்டறையா?

வீட்டில் பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இல்லை. அசைவது, சூடாவது, குளிர்வது, அழுத்தம் தாங்குவது எல்லாமே இந்தப் படிப்புக்குள் வரும்.

உங்கள் அறையில் இருக்கும் ஏர்கோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாயுவை அமுக்கினால் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே விட்டதும் அது திரவமாகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் மீண்டும் ஆவியாகி, அறையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கணக்குப் போடுவது வெப்ப இயக்கவியல்.

கிளானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் ஓட்டுநர் கிடையாது. ஆனாலும் அது கதவுக்கு நேராகத்தான் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது கட்டுப்பாட்டுப் பாடம். இவற்றோடு பொருள்களின் வலிமை, திரவ இயக்கவியல், வடிவமைப்பு, கணினி வரைபடம் எல்லாம் சேரும். கணிதம் மட்டும் எந்த ஆண்டும் உங்களை விடாது.

பி.எங்., எம்.எங். என்ன வித்தியாசம்?

பிரிட்டிஷ் முறையில் பி.எங். 3 ஆண்டு. எம்.எங். 4 ஆண்டு. பெயரில் 'மாஸ்டர்' இருந்தாலும் எம்.எங். தனி முதுகலை அல்ல. ஃபவுண்டேஷனோ, எஸ்டிபிஎம்மோ, ஏ லெவலோ முடித்து நேராகச் சேரும் படிப்புதான்.

பிரிட்டனில் 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' ஆக, அங்கீகாரம் பெற்ற எம்.எங். இருந்தால் கல்வித் தகுதி முழுமையாகிவிடும். பி.எங். மட்டும் இருந்தால் முதுகலை அளவுக்கு மேலும் படித்துக் காட்ட வேண்டும்.

மலேசியாவில் பொறியியல் படிப்புகளை அங்கீகரிப்பது ஈஏசி எனப்படும் பொறியியல் அங்கீகார மன்றம். அது பொதுவாக எதிர்பார்ப்பது 4 ஆண்டுப் படிப்பு. அதனால் ஓர் ஆண்டு மிச்சம், காசும் மிச்சம் என்று மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க.

'ஐ.ஆர்.' பெயருக்கு முன்னால் எப்படி வரும்?

பட்டம் வாங்கியதும் வந்துவிடாது. 1967-ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, முதலில் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய வேண்டும். பிறகு குறைந்தது 3 ஆண்டு பணி அனுபவம். அதன்பின் தொழில்முறை மதிப்பீட்டுத் தேர்வு. அதில் தேறினால்தான் 'ஐ.ஆர்.'. அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் வரைபடங்களில் உங்கள் பொறுப்பில் கையெழுத்துப் போட, தொழில் நடத்தும் சான்றிதழ் என்ற இன்னொரு படியும் உண்டு.

இந்தப் பாதையின் முதல் படியே அங்கீகாரம் பெற்ற பட்டம். உங்கள் பட்டம் ஈஏசி பட்டியலில் இல்லையென்றால் அது செல்லாத பட்டம் என்று அர்த்தமில்லை. தொழிற்சாலை, பராமரிப்பு, விற்பனை என வேலைகள் இருக்கும். ஆனால் பதிவுக்குப் போகும்போது உங்கள் தகுதியைத் தனியாக மதிப்பிட வேண்டி வரும். நேர்வழி சுற்றுவழியாகிவிடும்.

வெளிநாட்டில் செல்லுமா?

1989-இல் 6 நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது வாஷிங்டன் ஒப்பந்தம். ஒரு நாடு அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக ஏற்பதே அதன் நோக்கம். சிங்கப்பூர் 2006-இலும், மலேசியா 2009-இலும், இந்தியாவும் இலங்கையும் 2014-இலும் முழு உறுப்பினர்களாயின. ஆனால் இந்தச் சலுகை அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு மட்டும்தான். அது வேலைக்கான உத்தரவாதமோ விசாவோ அல்ல.

கையெழுத்துப் போடும் முன் சரிபாருங்க

- படிப்பின் முழுப் பெயர்: ஈஏசி அங்கீகாரம் தருவது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக. பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. கடிதத்தில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றுதானா? பி.எங்.கா, எம்.எங்.கா?
- ஆண்டு: அங்கீகாரம் நிரந்தரம் அல்ல, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள். நீங்கள் பட்டம் பெறும் ஆண்டு அதற்குள் வருமா, புதுப்பிப்பு எப்போது என்று கேளுங்க.
- 'தொழில்நுட்பம்' என்ற சொல்: 'இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம்' வேறு வகைப் பட்டம். அதற்கு அங்கீகார வழியும் வேறு.
- மாறும் வசதி: பி.எங்.கில் சேர்ந்து பிறகு எம்.எங்.குக்கு மாறலாமா? அதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?
- பணம்: பிடிபிடிஎன் கடன் முழுக் கட்டணத்துக்கும் போதாமல் போகலாம். ஃபவுண்டேஷனையும் 4-ஆம் ஆண்டையும், தங்குமிடச் செலவையும் சேர்த்தே அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து கணக்குப் போடுங்க.

கல்விக் கண்காட்சியில் வாய்வழியாக வரும் பதில் போதாது. "இந்த ஆண்டு சேருபவர்களுக்கு இந்தப் படிப்புக்கு ஈஏசி அங்கீகாரம் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேளுங்க. பதிலைப் பத்திரமாக வையுங்க. செமினிக்கு மட்டுமல்ல, நாட்டின் எந்தக் கல்லூரிக்கும் இதே கேள்விதான்.