ரவுட்டர் வாங்கும் முன்

வீட்டு ரவுட்டர் ஒரு சிறிய கணினி. செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் அதில் உண்டு. கைபேசி, தொலைக்காட்சி, கேமரா அனைத்தும் அதன் வழியாகவே இணையத்துக்குப் போய்வருகின்றன. 2018இல் கண்டறியப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். கடைகளில் ஆன்டெனாவின் எண்ணிக்கையும் வேகமும்தான் பெரிதாகப் பேசப்படுகின்றன. மென்பொருளுக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தப் புதுப்பிப்பு தயாரிப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவது தெரியவந்ததும், லினக்ஸின் உரிம விதிப்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004இல் பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருள், இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் இயங்குகிறது. தயாரிப்பாளர் கைவிட்ட கருவிக்கும் இதன்மூலம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். கேமராவையும் விருந்தினர் கைபேசியையும் தனித்தனி வலையமைப்பில் ஒதுக்கலாம். விளம்பரங்களை ரவுட்டரிலேயே தடுக்கலாம். வீட்டுக்காரருக்கு இவ்வளவு அதிகாரம் தரும் வழி வேறு அரிது.

எல்லா ரவுட்டரும் ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்காது. ஒரே பெயரில் விற்கும் மாடலில்கூடப் பதிப்புக்குப் பதிப்பு உள்ளிருக்கும் சில்லு மாறும். எனவே பெட்டியின் அடியில் அச்சிட்டுள்ள பதிப்பு எண்ணை, அத்திட்டம் வெளியிடும் கருவிப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். 128 எம்பி ரேமும் 16 எம்பி ஃபிளாஷும் இருப்பது நல்லது. பிராட்காம் வைஃபை சில்லு உள்ளவற்றைத் தவிர்க்கலாம். அவற்றுக்கான கட்டற்ற இயக்கிகள் போதாது. மீடியாடெக் சில்லுகளுக்கு ஆதரவு நன்றாக உள்ளது.

ரவுட்டரை வாங்கிய பின், இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொன்னால், சொந்த ரவுட்டரே முழுப் பொறுப்பையும் ஏற்கும்.

எந்த ரவுட்டர் ஆனாலும் டபிள்யூபிஏ3 குறியாக்கம் இருக்கட்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். வைஃபை கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியும் வேண்டாம். அதன் 8 இலக்க எண் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், 11,000 முயற்சிகளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது.

தயாரிப்பாளரின் புதுப்பிப்பும் நின்று, ஓப்பன்டபிள்யூஆர்டியும் ஏற்காத ரவுட்டர், நன்றாக ஓடினாலும் மாற்றப்பட வேண்டியதே.