தபால் மாளிகையில் நகரசபை

தபாலாபீஸ் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு சிறு ஓட்டுக் கட்டடமும் அதன் வாயிலில் நிற்கும் சிவப்புப் பெட்டியுந்தான். ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மாட்ரிட்டிலோ, கண்டோர் ஆலயமென்றே மயங்கும்படியான தபாலாபீஸ் ஒன்று எழுந்தது. இன்று அதுவே அந்நகரின் நகரசபை மாளிகை. அதன் வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

1904-ஆம் வருஷத்துப் போட்டியில் அந்தோனியோ பலாசியோஸ், ஹோவாகின் ஓட்டமெண்டி என்னும் இரு இளம் சிற்பிகளின் திட்டம் தேர்வு பெற்றது. 1907-ல் வேலை தொடங்கி, 1919 மார்ச் 14-ல் திறப்பு விழா நடந்தேறியது. கட்டடத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட நிலமோ, கோடைக்காலத்தில் ஜனங்கள் சங்கீதம் கேட்டு இளைப்பாறிய பூங்கா! வானளாவிய வெண்ணிறக் கோபுரங்களைக் கண்ட மக்கள், அதற்குத் ‘தகவல் மாதா கோவில்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினர்.

1931 ஏப்ரல் 14-ல், மன்னராட்சி வீழ்ந்த அன்று, இம்மாளிகையின்மீது குடியரசுக் கொடி பறந்தது. 1936-ல் மூண்ட உள்நாட்டுப் போரின் குண்டுகள் இதன் சுவர்களில் வடுக்களைப் பதித்துச் சென்றன.

அதே நகரில் இதற்கு மூத்த தபால் மாளிகை ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில், மூன்றாம் சார்லஸ் மன்னர் காலத்தில் கட்டப்பட்டது அது. 1847-ல் உள்நாட்டு மந்திரி காரியாலயமாயிற்று. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியிலோ போலீஸ் தலைமையகமாக மாறியது. கடிதங்கள் வந்திறங்கிய இல்லத்தில், எதிர்ப்பாளர்கள் சிறையிடப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர். 1985 முதல் அது மாட்ரிட் பிரதேச ஆட்சியின் தலைமையிடமாக இருந்து வருகிறது.

இரண்டும் மக்களின் கடிதங்களுக்காக எழுந்தவை. இரண்டும் ஆட்சியாளர் கைக்கு மாறியவை. ஆயினும் ஒன்றின் வாயிலைப் பல்லாண்டுகள் மக்கள் அஞ்சிக் கடந்தனர். மற்றொன்றின் கதை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதல் பழைய கட்டடத்திலிருந்த நகரசபை, 2007-ல் இங்கே குடியேறியது. 2011-ல் மாளிகையின் பெரும்பகுதி கலைக் கூடமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தபால் தலை வாங்க ஜனங்கள் வந்து நின்ற கூடத்திலே இன்று எவரும் உட்கார்ந்து படிக்கலாம், பேசி மகிழலாம்.

அன்று பூங்காவை இழந்தவர்களின் சந்ததியாருக்கு, அவ்விடத்தில் ஒரு பங்காவது திரும்பக் கிடைத்திருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் யாருக்கும் பகையல்ல, உறவுமல்ல. பொதுக் கட்டடம் எவருடையது என்பதை, அதன் கதவு யாருக்காகத் திறந்திருக்கிறது என்பதே நமக்குச் சொல்லும்.