காலராக் கிருமிக்குள் குடியேறிய மரபணுத் துண்டு

நம் சுங்குவார்சத்திரத்திலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறக்குறைய 50 கி.மீ. போனால் சென்னை. 1992-இன் பிற்பகுதியில் அங்கே ஒரு புதிய காலராக் கிருமி தலைகாட்டியது. அதற்கு முன் காலரா கொள்ளைநோயாகப் பரவியபோதெல்லாம் ஓ1 வகைதான் காரணம், இதுவோ ஓ139. சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது. ட்ரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளிட்ட பல மருந்துகள் அதனிடம் பலிக்கவில்லை.

சென்னையில் பிரித்தெடுத்த எம்ஓ10 என்ற கிருமியை அமெரிக்காவில் மேத்யூ வால்டர் குழுவினர் ஆராய்ந்தார்கள். மருந்து எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்த, இடம்மாறக்கூடிய ஒரு நீண்ட டிஎன்ஏ துண்டு கிருமியின் குரோமோசோமிலேயே பதிந்திருப்பதை 1996-இல் வெளியிட்டார்கள். எஸ்எக்ஸ்டி என்பது அதன் பெயர். நீளம் கிட்டத்தட்ட 1 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்.

வெளியிலிருந்து வரும் இவ்வளவு பெரிய துண்டு கண்ட இடத்தில் நுழைந்தால் கிருமியே செத்துப்போகலாம். எஸ்எக்ஸ்டி அப்படி நுழைவதில்லை. முதலில் வளையமாகிறது. பிறகு அதிலுள்ள இன்டக்ரேஸ் என்ற நொதி, குரோமோசோமில் பிஆர்எஃப்சி என்ற மரபணுவின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கிறது. அங்கும் வளையத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான 17 எழுத்துகள் உண்டு. இரண்டையும் அங்கே வெட்டி, மாற்றி ஒட்டுகிறது. பிஆர்எஃப்சி சாதாரண மரபணு அல்ல, புரத உற்பத்தியை முடித்துவைப்பதில் உதவுவது. அதன் முன்பகுதி துண்டிக்கப்படுகிறதே! அதற்கு ஈடாக எஸ்எக்ஸ்டி தன்னிடமுள்ள முன்பகுதியையும் இயக்கும் விசையையும் கொடுத்துவிடுகிறது. வாசலை இடித்த குடித்தனக்காரர் தம் செலவிலேயே வேறு வாசல் கட்டிக்கொடுப்பது போல. இடம்கொடுத்த கிருமிக்கு நஷ்டமில்லை என்பதுதான் இந்த ஒட்டுறவு நிலைப்பதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் கொடுமையானது. எஸ்எக்ஸ்டியில் ஒரு நஞ்சும் அதற்கு முறிவும் சேர்ந்தே இருக்கின்றன. துண்டை இழக்கும் கிருமிக்கு முறிவு தீர்ந்துபோகும், நஞ்சு மிஞ்சும்.

செட்ஆர் என்ற புரதம் காவலிருக்கும்வரை துண்டு உறங்கிக்கிடக்கும். கிருமியின் டிஎன்ஏ சேதமடைந்தால் அந்தக் காவல் தளர்ந்து, துண்டு மற்றக் கிருமிகளுக்குப் பரவக் கிளம்புகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் அந்தச் சேதத்தை உண்டாக்கும் என்று 2004-இல் காட்டினார்கள். ஒரே தொட்டித் தண்ணீரைப் பலர் குடிக்கும் தொழிலாளர் விடுதிகள் நிறைந்த நம் பகுதியில் இது கவலைக்குரியது. வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக்கடையில் கேட்டு இரண்டு மாத்திரை விழுங்குகிறோம். முதலில் வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல், பிறகு மருத்துவர். காவல் தளர்ந்ததும் எஸ்எக்ஸ்டி குரோமோசோமிலிருந்து கழன்று மீண்டும் வளையமாகி, அதன் ஒரு நகல் பக்கத்துக் கிருமிக்குப் போய், அதன் பிஆர்எஃப்சியிலும் அதே 17 எழுத்துகளில் பதிகிறது.