அருவியில் விழுந்த ஹோம்ஸ்!

குட்டீஸ், துப்பறியும் கதை கையில் கிடைத்தால் எனக்குச் சாப்பாடு கூட மறந்துவிடும். திருடன் யார் என்று தெரிகிற வரைதான். தெரிந்துவிட்டால், மறுபடி அந்தப் புத்தகத்தைத் தொடத் தோன்றாது. பேய்க் கதையா? பகலில் மட்டும்! சரித்திரக் கதை அப்படியில்லை. முடிவு தெரிந்தும், "பொன்னியின் செல்வன்" மூன்று முறை படித்தாயிற்று. வந்தியத்தேவன் குதிரையில் வந்தாலே குஷிதான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலுக்கும் சரித்திர நாவல்தான் உசத்தி. அதை எழுத விடாமல் ஹோம்ஸ் நேரத்தைத் தின்கிறாரே என்று எரிச்சல். "ஹோம்ஸைக் கொன்றுவிடப் போகிறேன்" என்று 1891ல் அம்மாவுக்குக் கடிதம் போட்டார். அம்மா விடவில்லை! ஆனாலும், 1893ல் வந்த ஒரு கதையில், சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸின் கதையை முடித்தேவிட்டார்.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? கோபக் கடிதங்கள் பறந்தன. கதையை வெளியிட்ட "ஸ்டிராண்ட்" பத்திரிகைக்குப் பலர் சந்தாவையே நிறுத்தினர். கடைசியில் 1903ல், "ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லை" என்று எழுதி, அவரைத் திரும்ப அழைத்து வந்தார் டாயில்.

அவர் ஆசையாக எழுதிய சரித்திர நாவல்களை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு. பாவம்! அவற்றில் ஒன்றான, "தி ஒயிட் கம்பெனி"யை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த லீவில் படிக்க வேண்டும்.