சிடுசிடுக்கும் முதுமையும் நம் சிரிப்பும்

எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் முதியவரைப் பார்த்துச் சிரிப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். பிரிட்டன் தொலைக்காட்சி அதைத் தனிக் கலையாகவே வளர்த்தது. 1990களில் ஹாரி என்ஃபீல்டும் பால் ஒயிட்ஹவுஸும் தங்கள் குறுநாடக நிகழ்ச்சியில், கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் தொல்லை கொடுத்து மகிழும் இரு கிழவர்களாக வந்தனர். 2004இல் பிபிசியில் தொடங்கிய ‘தி கேத்தரின் டேட் ஷோ’வில், முப்பதுகளில் இருந்த கேத்தரின் டேட் வசைமாரி பொழியும் பாட்டியானார். பார்க்க வருபவரை முகத்துக்கு நேரே கொண்டாடுவார்; அவர் வாசலைத் தாண்டியதும் திட்டித் தீர்ப்பார். அத்தனையையும் பக்கத்தில் அமர்ந்து கேட்பவன் பேரன் ஜேமி.

நமக்கும் இது புதிதன்று. சின்னத்திரை நகைச்சுவை மேடையில் நரைமுடி டோப்பாவும் கைத்தடியுமாக ஓர் இளைஞர் கூன் போட்டு நடந்து வந்தாலே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் பேருந்தில், “பெருசு, கொஞ்சம் சும்மா வா” என்ற குரலை அடிக்கடி கேட்கிறேன். ‘பெரியவர்’ என்றால் உயர்திணை. ‘பெருசு’ என்றதும் அஃறிணை. ஒரே சொல்லின் இரு வடிவங்களுக்கு இடையில் ஒரு மனிதர் திணை மாறிவிடுகிறார்.

இந்த நகைச்சுவை எப்படி இயங்குகிறது? வயது ஏற ஏறக் கையிலிருந்த அதிகாரம் நழுவுகிறது. வரவு செலவு மகனிடமும் சாவிக்கொத்து மருமகளிடமும் போய்விட, எஞ்சுவது நாக்கு ஒன்றுதான். பலமிழந்த ஒருவர் பலம் உள்ளவரைப்போல அதட்டும் அந்த முரண் முதல் சிரிப்பைத் தருகிறது. மற்றவர்கள் நாகரிகம் கருதி விழுங்கிவிடும் உண்மையை அவர் போட்டு உடைப்பது இரண்டாவது சிரிப்பைத் தருகிறது. முதலாவதோடு நின்றுவிடும் நாடகம் முதியவரைக் கேலி செய்கிறது. இரண்டாவதையும் எட்டும் நாடகம் அவரோடு சேர்ந்து சிரிக்கிறது.

1990 முதல் 2000 வரை ஒளிபரப்பான ‘ஒன் ஃபுட் இன் தி கிரேவ்’ தொடரின் விக்டர் மெல்ட்ரூ இரண்டாம் வகை. அறுபது வயதில் காவலாளி வேலையை இழக்கிறார். அவருடைய இடத்துக்கு வருவது ஓர் இயந்திரப் பெட்டி. அதன் பிறகு அவர் எரிச்சல்படும் ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மெல்ட்ரூவைத் தேடி இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. நூற்பாலையில் ஆயுளைக் கழித்து விரல் ரேகை தேய்ந்த ஒருவர், நியாய விலைக் கடையில் கைரேகைக் கருவி தன்னை ஏற்க மறுக்கும்போது போடும் சத்தம் அதே சத்தம்தான். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் கேட்பதோ நியாயமான கேள்வி: “என்னைத் தெரியாதாக்கும் இந்த மிசினுக்கு?”

தமிழ்த் திரையில் இவ்வகைப் பாத்திரங்களுக்கு உயிர் கொடுத்தவர்களில், விருதுநகர் வட்டாரத்தில் பிறந்த எஸ்.என். லட்சுமியை மறக்க முடியாது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில், கைக்குக் கிடைத்ததைச் சுருட்டும் பாட்டியாக அவர் வந்தபோது, முதுமையின் தள்ளாமையைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. பாட்டியின் சாமர்த்தியத்துக்குச் சிரித்தோம். 2012இல் மறையும்வரை அவர் ஏற்ற பாட்டிமார் பலரும் வாயடங்காதவர்கள்.

அந்த வாயடங்காமையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே காரணம் இருக்கிறது. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலின் பெயரால் சாவுக்கு அனுப்பும் ‘தலைக்கூத்தல்’ என்னும் கொடிய வழக்கம், 2010இல் விருதுநகர் மாவட்டச் செய்தியாக நாடெங்கும் பேசப்பட்டது. வறுமை, ஆள் துணையின்மை, மருத்துவச் செலவு என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை எவையும் கொலையை வேறொன்றாக மாற்றிவிடா. பாரமாகிவிட்டோம் என்று உணரும் முதியவர் முதலில் செய்வது பேச்சைக் குறைப்பது. சோறு ஆறிவிட்டது என்று சண்டை போடுகிறவர், அடுத்த வேளைச் சோற்றுக்குத் தமக்கு உரிமை உண்டென்று நம்புகிறார். சண்டை நின்ற வீட்டில் அந்த நம்பிக்கையும் நின்றிருக்கக்கூடும்.

மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019) இதைச் சிரிப்போடு சொன்ன படம். நினைவிழந்து கிடந்து விழித்தெழும் முதியவர், தம்மை முடிக்கக் குடும்பம் திட்டமிடுவதைக் கேட்டு வீட்டைவிட்டு ஓடுகிறார். நாடகக் கலைஞர் மு. ராமசாமி நடித்த அந்தக் கருப்புதுரைக்குப் பிரியாணியின் மீது தீராத ஆசை. எதிர்த்துப் பேசவும் ஏட்டிக்குப் போட்டி நிற்கவும் குட்டி என்றொரு சிறுவன் துணை. ஜேமி இல்லாமல் அந்த ஆங்கிலப் பாட்டி இல்லை. குட்டி இல்லாமல் கருப்புதுரை இல்லை. முணுமுணுப்புக்கு ஒரு செவி வேண்டும்.

வீட்டில் அந்தச் செவி கிடைக்காதவர்களுக்குச் சட்டம் ஒன்றைத் தந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கோரலாம். பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கவும் வழி உண்டு. 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால், பெற்ற பிள்ளைமீது மனுக் கொடுக்கும் மனம் நம் முதியவர்களில் எத்தனை பேருக்கு வரும்? மனுவாக எழுதப்படாத குறைகள்தாம் திண்ணையிலும் பேருந்திலும் தொணதொணப்பாக வெளிவருகின்றன.

சிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிக்கத் தெரிந்த வீடு நல்ல வீடுதான். சிரித்து முடித்தபின், அவர் என்ன சொன்னார் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். சோறு உண்மையிலேயே ஆறிப்போயிருக்கலாம்.